காதில் சொன்னதும் சிங்களத்தில்

கொட்டகலை தேர்தல் மேடையில் மைக் கரகரத்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

என் சின்ன வயதில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த தொழிற்சங்கத் தலைவரின் பேச்சைக் கொழுந்து பறிக்கும் அம்மாதான் சிங்களத்தில் சொன்னாள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள்.

தலைவர் தமிழில், "சிங்களவன் ஒருத்தனுக்கும் இங்க வேலை கொடுக்க விடமாட்டேன்" என்றார். பிறகு அம்மா பக்கம் குனிந்து, "சிங்களத்துல, நாம எல்லாரும் ஒண்ணுன்னு சொல்லிரும்மா" என்றார்.

தேயிலைக் கறை படிந்த விரல்களால் மைக்கைப் பிடித்து, மேடையில் சொன்னதையும் காதில் சொன்னதையும் அம்மா அப்படியே சிங்களத்தில் சொன்னாள். மறுவாரம் சங்கத்தில் அவளுடைய மாதர் தலைவி பதவி போனது. "போகட்டும், நாக்கு எங்கிட்டதானே இருக்கு" என்றாள்.

இன்று மொழிபெயர்க்க நிற்பவள் நான். வேட்பாளர் என் காதருகே குனிந்தார்.

"மைக்குலயே சொல்லுங்க ஐயா" என்றேன்.