மூன்று பதினொன்றுக்குக் கொடுத்த குடை

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரிக்குப் பக்கத்தில், இயந்திரங்களுக்குக் காவல் என்று ரோதை முனிக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள், பொழுது சாய்ந்தால் பெரியவர்களே அந்தப் பக்கம் போகத் தயங்குவார்கள், நான் ஏழாம் வகுப்பிலேயே அந்த வழியாகத் தனியாகப் போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்தவன். பெருமைக்குச் சொல்லவில்லை. இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இந்த ஆள் எதையும் நம்பிவிடுகிறவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான். முப்பத்தைந்து வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, மழை எப்போது பிடித்து எப்போது விட்டது என்பதுவரை அதில் இருக்கும். இந்த விஷயமும் அப்படித்தான், நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

பசறை டவுனில் ஒரு புடவைக் கடைக்கு நான் பொறுப்பாளர். புடவை, கம்பளி, குடை, ரப்பர் சப்பாத்து எல்லாம் விற்கிறோம். முதலாளி பதுளையில் இருக்கிறார், அங்கே அவருக்குப் பெரிய கடை. கடைக்குள் கேமரா இரண்டு: ஒன்று வாசலுக்கு மேல், ஒன்று கல்லாவுக்கு மேல். பதுளையில் இருந்துகொண்டே முதலாளி போனில் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு போனால் கேமராவிலிருந்து படத்தை எடுத்து எனக்கு அனுப்புவார். நான் அதைப் பெரிதாக அச்சடித்து, "இவரை அடையாளம் தெரிந்தவர்கள் கடையில் அறிவிக்கவும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட வேண்டும்.

நம்ம ஊரில் இதற்கு இருக்கிற பலம் பொலிஸுக்குக்கூடக் கிடையாது. போன வருடம் ஒருவர் டோர்ச் லைட் ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். படம் ஒட்டி இரண்டு மணி நேரத்தில் அவரே டோர்ச்சோடு வந்து நின்றார். "கழட்டிருங்க ஐயா, ஸ்கூல் விட்டுப் புள்ளைங்க இந்தப் பக்கமாத்தான் வரும்" என்று கும்பிட்டார். ஒரு லயத்தில் ஒருவர் பெயர் கெட்டால் இருபது வீட்டுக்கும் தலை குனிவு. அதனாலேயே படம் ஒட்டத் தொடங்கியபின் திருட்டு பாதியாகக் குறைந்தது.

இந்த ஐப்பசியில், ஒரு புதன்கிழமை காலை எட்டரைக்கு முதலாளி கூப்பிட்டார்.

"ஜெயபாலன், நேத்துப் பின்னேரம் ஒருத்தி குடையைத் தூக்கிட்டு ஹாயா போறா. நீங்கல்லாம் அங்க கடை நடத்துறீங்களா, தூங்குறீங்களா?"

படம் வந்தது. வாசல் கேமராவில் எடுத்தது. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், முன் தலையில் கொஞ்சம் நரை, கையில் பச்சை நிறத்தில் வெள்ளைப் பூப் போட்ட குடை, வெளியே போகும்போது திரும்பி ஒரு தடவை பார்க்கிறாள். முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. படத்தின் ஓரத்தில் நேரம்: செவ்வாய், பிற்பகல் மூன்று பதினொன்று. அந்தக் குடை கொக்கியில் இல்லை, கணினியில் விற்றதாகவும் பதிவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "நம்ம அடையாள அட்டையில கூட மூஞ்சி இவ்வளவு லட்சணமா வராதுண்ணே" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இது உங்க தோட்டத்துப் புஷ்பம் அக்கா இல்லையா?" என்றாள்.

புஷ்பம்தான். அப்படித்தான் எனக்கும் பட்டது. நானும் அவளும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள், என்னைவிட ஏழு வயது சின்னவள். இப்போதும் அங்கேயே கொழுந்து எடுக்கிறாள். பேசாமல் அவளிடம் போய்க் கேட்டிருக்கலாம். உள்ளே கல்லாக் கேமராவில் என்ன பதிவாகியிருக்கிறது என்றாவது பார்த்திருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. யாராக இருந்தாலும் விதி ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு, தெரிந்துகொண்டே, ஒன்பது ஐந்துக்குப் படத்தை ஒட்டினேன். நான்கு மூலையும் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்றுகூடப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மதியத்துக்குள் மூன்று பேர் வந்து புஷ்பத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வியாழன், காலை பத்து மணிக்குப் புஷ்பமே வந்தாள். வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். கதவுக்கு வெளியே நின்று தன் படத்தைத் தானே பார்த்தாள். உள்ளே வந்ததும் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை.

"எம் மூஞ்சியக் கதவுல ஒட்டியிருக்கீங்களே பாலு அண்ணே. நீங்களா ஒட்டுனீங்க?"

"நான்தான்."

"நாளைக்கு வெலிமடையில இருந்து மாப்பிள்ளை வீட்டாளுங்க வாறாங்க. பரிசச் சேலை எடுக்க. வேற எங்க போவாங்க? இந்தக் கடைக்குத்தான் வருவாங்க. இந்தக் கதவத் தள்ளிக்கிட்டுத்தான் உள்ள வரணும்."

அவளுக்கு இருப்பது ஒரே மகள். இரண்டு இடம் வந்து தட்டிப்போய், மூன்றாவதாக அமைந்த இடம் இது.

"நான் எடுக்கல அண்ணே" என்று இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். இப்போது கொழுந்து நிறுக்கும் தராசிலிருந்தே நேரத்தோடு சீட்டு வருகிறது. புஷ்பத்தின் பெயர், செவ்வாய்க்கிழமை, மூன்று ஒன்பது. "எங்கூட முப்பது பொம்பளைங்க வரிசையில நின்னாங்க. கங்காணி நின்னாரு. மலையில கொழுந்து நிறுத்துட்டு ரெண்டு நிமிசத்துல பறந்து வந்தா ஒங்க குடையத் தூக்கிட்டுப் போவேன்? குடை வேணுமின்னா ஒங்ககிட்ட வந்து கேக்க மாட்டேனா?"

தோட்டத்திலிருந்து பசறைக்கு ஒன்பது கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. பஸ் கிடைத்தாலே நாற்பது நிமிடம். கேமராவின் கடிகாரம் தவறாக இருக்கும் என்றுதானே நீங்கள் நினைக்கிறீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கடிகாரத்தை ஒவ்வொரு திங்கட்கிழமையும் வானொலிச் செய்தி நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பவன் நான். அன்றைக்கும் பார்த்தேன். அரை நிமிடம்கூடப் பிசகவில்லை.

அப்போதுதான் கல்லாக் கேமராவைப் போட்டேன். நான், ஸ்டெல்லா, புஷ்பம் மூன்று பேரும் பார்த்தோம்.

மூன்று பத்துக்கு அந்தப் பெண் உள்ளே வருகிறாள். மழையில் தொப்பலாக நனைந்திருக்கிறாள். கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். கல்லாவில் இருப்பது நான்.

மறுபடியும் சொல்கிறேன், கல்லாவில் நான் இருந்தேன். அன்றைக்குப் போட்டிருந்த அதே சாம்பல் சட்டை, அதே கண்ணாடி. எழுந்து போய்க் கொக்கியிலிருந்து அந்தப் பச்சைக் குடையை எடுத்து, விரித்துக் காட்டி, மடக்கி, அவள் கையில் கொடுக்கிறேன். சிரித்துக்கொண்டே கொடுக்கிறேன்.

"உங்களுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமாண்ணே?" என்றாள் ஸ்டெல்லா. பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "ஆனா நீங்க அந்நேரம் டீ குடிக்கப் போயிருந்தீங்கல்ல? நான்தானே பின்னால ஒரு ஆளுக்குத் துணி அளந்துக்கிட்டு, கல்லாவுல யாருமில்லையேன்னு எட்டி எட்டிப் பார்த்தேன்?"

நாட்குறிப்பை எடுத்தேன். செவ்வாய்: "3.00க்கு எதிர்க் கடையில் பிளேன்டீ. கடும் மழை. 3.20க்குத் திரும்பினேன்." என் கையெழுத்து. எதிர்க் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "மழை விடட்டும்னு இந்த பெஞ்சுலயே குந்திக்கிட்டு நாட்டு நடப்பு பேசுனீங்களே, மறந்துட்டீங்களா?" என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது புஷ்பம் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருந்தாள். குடையை வாங்கிக்கொண்டபின் அந்தப் பெண் நனைந்த பின்னலின் நுனியைப் பிடித்து இரண்டு தடவை பிழிகிறாள். பிழிந்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறாள்.

"இது நான் இல்லண்ணே" என்றாள் புஷ்பம். "எங்க அக்கா."

அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னலைப் பிழிந்த அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

புஷ்பத்தின் அக்கா லெச்சுமி என் வயதுக்காரி. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எங்கள் லயத்திலிருந்து பசறைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, உரப்பையைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்கு வழியில் இறங்குவோம். பை ஒன்றுதான் இருக்கும். அதில் முக்கால்வாசி என் புத்தகங்களுக்குப் போய்விடும், அவள் பின்னல் எப்போதும் நனைந்தே இருக்கும். ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் நின்று, நுனியைப் பிழிந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தித் தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டார்கள். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "இந்த வாரம் என்ன படிச்சுக் குடுத்தாங்க, சொல்லு" என்று கேட்பாள். நான் சொல்வேன். நான் தவறாகச் சொன்னால் கண்டுபிடிப்பாள். அந்தத் தண்ணீர்ச் சத்தமும் அவள் குரலும் சேர்ந்துதான் என் ஞாபகத்தில் இருக்கின்றன, பிரித்து எடுக்க முடியவில்லை.

பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்து பதுளை ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். நான் அப்போது பண்டாரவளையில் ஒரு கடையில் வேலைக்கு இருந்தேன். கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. அவள் செத்த அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்த வாரமே ஒரு கொப்பி வாங்கி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரையில் இருந்தவள் பத்தொன்பது வயதுக்காரி இல்லை. உயிரோடு இருந்திருந்தால் இன்றைக்கு எப்படி இருந்திருப்பாளோ, அப்படி இருந்தாள். நரையோடு, கொஞ்சம் சதை போட்டு. தங்கச்சியை எல்லோரும் அடையாளம் காட்டியதில் பிழை இல்லை, அக்கா தங்கச்சி ஒரே அச்சு.

நான் முதலாளியைக் கூப்பிட்டேன். "குடையை நான்தான் கொடுத்தேன், பதிவு செய்ய மறந்துவிட்டேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னவற்றில், உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாத ஒரே வாக்கியம் அதுதான்.

"இருங்க" என்று போனில் பதிவைத் தேடிப் பார்த்தார். "ஆமா, நீங்கதானே குடுக்கிறீங்க, அதுவும் பல்லைக் காட்டிக்கிட்டு! மனுசன் வயசாக வயசாக இப்படியா மறப்பான்? அந்தப் பொம்பளைக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் படத்தைக் கழட்டுங்க."

பதினொன்று இருபதுக்குப் படத்தைக் கழற்றினேன். பசையின் தடம்கூட இருக்கக் கூடாது என்று வெந்நீர் தொட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். புஷ்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன். பெயரைச் சொன்ன மூன்று பேரையும் தேடிப்போய், தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தார்கள், எந்தக் குறையும் இல்லாமல் பரிசம் நடந்தது. அந்த மட்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

ஆனால் அந்த வியாழக்கிழமையில் நடந்த ஒன்றை இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை.

கேமராவில் சத்தம் பதிவாகாது. பின்னலைப் பிழிந்துவிட்டு அவள் முப்பத்தெட்டு விநாடி பேசுகிறாள். நான் கேட்டுக்கொண்டே நிற்கிறேன். சிரிப்பு மெல்ல மெல்லப் போய்விடுகிறது, பயமும் இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்பதுபோல ஒரு முகம். கடைசியில் அவள் ஏதோ கேட்கிறாள். நான் தலையாட்டுகிறேன். மூன்று தடவை, தெளிவாக. அதன் பிறகுதான் அவள் வாசல் பக்கம் திரும்புகிறாள்.

அந்த இடத்தைப் புஷ்பம் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அக்காவின் வாயசைவு அவளுக்குப் பழக்கம், ஒரே பாயில் படுத்து, ஆத்தாவுக்குக் கேட்காமல் இருட்டுக்குள் குசுகுசுவென்று பேசி வளர்ந்தவர்கள். நான்காவது தடவை பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"சரின்னுட்டீங்களே அண்ணே" என்றாள். "யோசிக்காம சரின்னுட்டீங்களே."

எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்தப் பதிவை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். பல தடவை பார்த்துவிட்டேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்டெல்லா பார்க்கவே மாட்டேன் என்கிறாள்.

போன திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குப் புஷ்பம் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். கல்யாணம் வைகாசியில் என்றுதான் முதலில் பேசியிருந்தார்கள். பத்திரிகையில் தை மாதம் போட்டிருந்தது.

"என்ன புஷ்பம், இவ்வளவு அவசரம்?"

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க இருக்குறப்பவே வந்து நின்னு தாலி எடுத்துக் குடுக்கணும்ல அண்ணே. அதான் வெள்ளனவே வெச்சுட்டோம்" என்றாள்.

நாளை முன்னுக்குக் கொண்டுவர மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள் என்று மட்டும் கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. அவள் போனபின் நாட்குறிப்பைத் திறந்து, தை மாதத்துப் பக்கத்தில் அந்தத் தேதியைக் குறித்து வைத்தேன்.