ஜெனரேட்டரை ஒப்படைத்த கதை

பட்டாளத்தில் ஒரு பொறுப்பைக் கைமாற்றுவதற்கு 'ஹேண்டிங்-டேக்கிங்' என்று பெயர். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து, அடுத்தவனிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் நாம் ரயிலேறலாம். எண்ண முடியாத சங்கதிகளை மட்டும் டீ குடித்துக்கொண்டே வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும்.

மலையுச்சி முகாமில் ஜெனரேட்டர் என் பொறுப்பில் இருந்தது. கிழட்டு மெஷின். அதன் டீசல் குழாயின் கைப்பிடி எந்தக் காலத்திலோ உடைந்து, யாரோ அதைக் குறுக்கே மாட்டிவிட்டிருந்தார்கள். பார்த்தால் திறந்திருப்பதுபோல் தெரியும், ஆனால் மூடியிருக்கும். இதை எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொன்னார், நான் அடுத்தவனுக்குச் சொன்னேன். கழற்றிச் சரியாக மாட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றாததுதான் பட்டாளத்து விசேஷம். மாற்றலாகி, நடுவில் லீவு போட்டு, தங்கை கல்யாணத்துக்கு மைசூரு வந்துவிட்டேன்.

முகூர்த்தத்தன்று காலை போன் வந்தது. பேசியவன் ஒரு மதுரைப் பையன். நான் சொல்லிக் கொடுத்தவனை அவசரமாக வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். இவனுக்குக் கையெழுத்துப் போட நேரம் இருந்திருக்கிறது, டீ குடிக்க நேரமில்லை. இப்போது மெஷின் ஓடவில்லை, பனியில் பாதை மூடியிருப்பதால் மெக்கானிக்கும் வர முடியாது. ஹீட்டர் இல்லாமல் முகாமே விறைத்துக் கிடக்கிறது என்றான்.

மேடையில் தங்கை, அண்ணன் போடப்போகும் பொரிக்காகக் கையேந்தி நிற்கிறாள். ஐயர் என்னைத் தேடுகிறார். நானோ சமையற்கட்டில் சாம்பார் அண்டா பக்கத்தில் நின்று, கைப்பிடியைக் குறுக்கே திருப்பு, பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்று என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மைசூருக்குக் கிழக்கே, தமிழக எல்லையோர ராமாபுரத்துக்காரியான அம்மா வந்து சட்டையைப் பிடித்தார். "ஏங் கண்ணு, உன்ற தங்கச்சியவிட அந்த மிசினு பெருசாப் போச்சா?"

போனில் ஒரு செருமல் கேட்டது. இன்னொரு செருமல். பிறகு கடகடவென்று இன்ஜின் ஓடியது, பையன்கள் கூச்சல் போட்டார்கள். அம்மா போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போனை வாங்கி அணைக்கப் போனேன்.

"அண்ணே, வச்சிராதீங்க," என்றான் பையன். "பனி விட்டதும் என்னயவும் மாத்துறாங்க. எனக்கு அடுத்து வர்ற தம்பி பக்கத்துலதான் நிக்கிறான். அவனுக்கும் மொதல்ல இருந்து ஒருக்கா சொல்லிருங்க."

பொரித்தட்டை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மேடைக்கு நடந்தபடியே முதலிலிருந்து ஆரம்பித்தேன்.