கை திக்கிய கம்ப்யூட்டர்

வெல்டருக்குப் பிடிவாதம் அதிகம். பழைய இரும்புக் கடையில் கிடந்த பெட்டி, யாரோ கழித்துப் போட்ட திரை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்று ஒட்டுப்போட்டு அவரே ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கியிருந்தார். புதிதாக ஒன்று வாங்கலாமே என்று யாராவது வாய் திறந்தால், "இரும்பையே ஒட்டுறவன், இதை ஒட்ட மாட்டேனா?" என்பார்.

அந்தப் பெருமைக்கு அன்று சோதனை வந்தது.

அவர் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் பேச்செல்லாம் கைகளால்தான். காது கேளாதோர் பள்ளியில் அவளுக்கு உதவி ஆசிரியை வேலை கிடைக்கும்போல இருந்தது. அதற்கான தேர்வாக, பள்ளியின் இணையப் பக்கத்தில் ஒரு பெண்மணி சைகையில் கதை சொல்லும் வீடியோ இருந்தது. அதைப் பார்த்து, எழுத்தில் எழுதி, இருட்டுவதற்குள் அனுப்ப வேண்டும். போனில் பார்க்கலாமென்றால் அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறந்தது.

வீடியோ ஒழுங்காக ஓடினால்தானே? பெண்மணியின் கை நெஞ்சருகே இருக்கும். அடுத்த கணம் நெற்றிக்குத் தாவியிருக்கும். நடுவில் கை போன வழியே தெரியாது. சைகையில் பாதி அசைவு போனால் மிஞ்சுவது பாதி அர்த்தம் இல்லை, வேறு அர்த்தம்.

"உங்க பெட்டிக்குக் கை திக்குது," என்றாள், விரல்களை வெட்டி வெட்டிக் காட்டி.

"நெட்டு ஸ்லோவா இருக்கும்."

"காலையிலேர்ந்து இதையே சொல்றீங்க. வீடியோ முழுசா இறங்கிடுச்சு. அப்புறம் எதுக்கு நெட்டு?"

வெல்டர் இணையத்தில் தேடினார். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். திரையின் அலங்காரங்களை அணைத்தார், பிரௌசரை மாற்றினார், மூடியைக் கழற்றித் தூசி தட்டினார். மின்விசிறி மட்டும் முன்னைவிடக் கூவியது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, பாதிக் கதையைக் கம்ப்யூட்டரிலேயே தட்டி எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

வேறு வழியின்றி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மாமா, வீடியோ ஓடுறப்ப பிராசஸர் எப்படி இருக்கு?"

"மூச்சு முட்டுது."

"கிராஃபிக்ஸ் கார்டு?"

"சும்மா கெடக்கு."

"வீடியோவை விரிச்சுக் காட்டுறது அதோட வேலை மாமா! அதை வேலை வாங்குற டிரைவர் சாஃப்ட்வேரை நீங்க போடவே இல்ல. மாட்டை நிழல்ல கட்டிட்டு வண்டியை நீங்க இழுக்கிறீங்க. அக்கா திட்டுறாளா?"

"அவ கை வலிக்கிற வரைக்கும்."

மச்சான் சொல்லச் சொல்ல டிரைவரைப் போட்டார். பிரௌசரில் அமைப்பை மாற்றினார். "ரீஸ்டார்ட் பண்ணிடுங்க" என்றதும், ஆர்வத்தில் சட்டென்று அழுத்தினார்.

மனைவி திரும்பி வந்தபோது திரை கருப்பாக இருந்தது.

"நான் எழுதினது?"

வெல்டர் அவள் பக்கம் திரும்பினார். "சேவ் பண்ணலையா?"

"நீங்க கேட்டீங்களா?"

கம்ப்யூட்டர் எழுந்தது. எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் வீடியோ எண்ணெய்போல ஓடியது. மனைவி முதலிலிருந்து பார்த்தாள். முன்பு 'குழந்தை கோபப்பட்டது' என்று எழுதியிருந்தாள், இப்போது பார்த்தால் குழந்தை பயந்திருந்தது.

"பாத்தியா? அழிஞ்சதும் நல்லதுக்குத்தான்," என்று ஆரம்பித்தார் வெல்டர்.

"கையைக் கட்டுங்க," என்றாள்.

அந்த வீட்டில் அதற்கு, வாயை மூடு என்று பொருள். கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஜன்னலைப் பார்ப்பதும் தட்டுவதுமாக எழுதி, வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகும் அவர் கையை அவிழ்க்க விடவில்லை.