நிற்கும் இடத்திலேயே திறக்கும் கறுப்புச் சன்னல்

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குக் 'கறுப்புத்திரை' என்று பேர். கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் வந்து ஒரு கறுப்புச் சன்னலைத் திறப்பாள், இரண்டு வரி தட்டுவாள், கோளாறு ஓடிவிடும். பத்து வருஷம் வரவேற்பு மேசையில் போன் எடுத்தவள். பழைய கம்ப்யூட்டர்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டபோது, "நான் பார்த்துக்கறேன்" என்று எழுந்தாள். அப்புறம் அவளை யாரும் உட்கார விடவில்லை.

போன மாதம் மட்டும் சறுக்கினாள். கறுப்புச் சன்னலை அட்மினாக, அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு, திறந்தால், அது கம்ப்யூட்டரின் சொந்த ஃபோல்டரில் போய் நிற்கும். அங்கிருந்து நமக்கு வேண்டிய ஃபோல்டருக்குப் போக நீளமான முகவரியைத் தட்டவேண்டும். அன்று ஏதோ அவசரத்தில் அதைத் தட்டாமலே கட்டளையைக் கொடுத்துவிட்டாள். அது கம்ப்யூட்டரின் சொந்த ஃபோல்டர்மேலேயே பாய்ந்தது. கம்ப்யூட்டர் படுத்தது படுத்ததுதான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன்" என்றார் மேலாளர்.

இன்றைக்கு இரண்டாம் மாடியின் மருந்து அட்டவணைகளைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தார்கள். பதினோரு பேருக்குப் பதினோரு ஃபோல்டர். ஒன்றாவது திறக்கவேண்டுமே! 'உங்களுக்கு உரிமையில்லை' என்றது மெஷின். ஒவ்வொருவருக்கும் டாக்டர் வேறு, பார்க்க உரிமையுள்ள உறவுக்காரர் வேறு என்பதால், மொத்தமாகத் திறக்க வழியில்லை. தனித்தனியாகத்தான் திறக்கவேண்டும். மணி இரண்டாகப் போகிறது. நாலு மணிக்கு மருந்து. போதாக்குறைக்கு, குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

தலைமை நர்ஸ் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணி, நாலு மணிக்கு அட்டவணை என் கையில இருக்கணும். மனசுல தோணுற மருந்தைக் குடுக்க நான் ஜோசியக்காரி இல்ல."

"வாயால வேலை வாங்குற மெஷினா இருந்தா உன்னையே உட்கார வச்சிருப்பேன். இதுக்கு விரல் வேணும். எனக்கு இருக்கறது அஞ்சு."

ஒற்றைக் கையால் பதினோரு முகவரி தட்டினால் எங்கேயாவது ஓர் எழுத்து புரளும். புரண்டால் போன மாதக் கதைதான். ஃபோல்டர் மேலே ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே 'அட்மினாக இங்கே திற' என்று ஒரு வரி இருந்துவிட்டால்?

சும்மா கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் முதலில் சோதித்தாள். கம்ப்யூட்டர் தன் அமைப்புகளையெல்லாம் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய், ஃபோல்டர்களுக்கான பட்டியலில் அந்த வரியைச் சேர்த்தாள். வரி வந்தது. சன்னலும் திறந்தது. ஆனால் பழையபடி கம்ப்யூட்டரின் சொந்த ஃபோல்டரில் போய் நின்றது.

"புகுந்த வீட்டுல விட்டா பொறந்த வீட்டுக்கே ஓடுது," என்றாள் நாத்தனார்.

"உங்கண்ணன் வீட்டுல இருந்து ஓடாம இருந்தேனே, என்னைச் சொல்லு."

அட்மினாக மாறும் சன்னல், தான் எங்கிருந்து கூப்பிடப்பட்டது என்பதை மறந்துவிடும். ஆகவே 'முதலில் இந்த ஃபோல்டருக்குப் போ' என்பதையும் அந்த வரியின் கட்டளைக்குள்ளேயே எழுதினாள். இந்த முறை சமத்தாகப் போய் நின்றது. அதையே புதுக் கம்ப்யூட்டரிலும் எழுதினாள். மணி மூன்று.

போன மாதத்துக்குப் பிறகு அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். நர்சுகள் மருந்து கொடுக்குமுன் பேரையும் அறையையும் வாய்விட்டுச் சொல்வார்களே, அதே மாதிரி என்டர் தட்டுமுன் சன்னல் நிற்கும் முகவரியைச் சத்தமாகப் படிப்பாள். ரைட் கிளிக், சன்னல், முகவரி, என்டர். ஏழு ஃபோல்டர் மளமளவென்று திறந்தன. நாத்தனார் அட்டவணைகளை அச்செடுத்து அடுக்கினாள்.

மேலாளர் வந்து பக்கத்தில் நின்றார். அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், அடுத்த சன்னல் தயாராகத் திறந்திருந்தது. கட்டளையை ஒட்டினாள். விரல் என்டருக்குப் போயிற்று.

"எட்டாம் அறை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இது நம்ம ஆளுங்க யாரோட அறையும் இல்லையே. இது கம்ப்யூட்டரோட சொந்த அறை."

"நான்தான் ஸ்டார்ட் மெனுவில இருந்து திறந்து வச்சேன்," என்றார் மேலாளர். "பாவம், கை வலிக்குமேன்னு..."

அவள் அந்த வரியை அழித்து, சன்னலை மூடி, எட்டாம் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்தாள். மூன்று நாற்பத்தெட்டுக்குப் பதினோராவதும் திறந்தது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "வெளிக் கம்பெனிக்காரனை நாளைக்கு வரச் சொல்லியிருந்தேன். வேணாம்னு சொல்லிடறேன்."

"சொல்லிடுங்க, சார்."

"இந்த எட்டாம் நம்பர் விஷயத்தை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சேச்சே, நாங்க ஏன் சொல்லப்போறோம்?" என்று நாத்தனார் அட்டவணைகளை அள்ளிக்கொண்டாள். "இரண்டாம் மாடியில மட்டும் சொல்றேன். அவங்களுக்கும் பொழுது போகணும்ல."