பதிவேட்டில் குட்டை

என் வீட்டுக்காரர் ஆறடி இரண்டங்குலம். அவர் வேலை செய்யும் இஸ்திரிக் கூடமோ தரைக்குக் கீழே இருக்கிறது. கூரை ஐந்தே முக்கால் அடி. காலை எட்டு மணியிலிருந்து தலையைக் குனிந்தபடியே மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் கழுத்து நிமிர மறுக்கிறது. "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று ஏழு வருஷமாகச் சொல்கிறார். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு முன் பதினாறு வருஷம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் இருந்தார். அதை ஒரே நாளில் இழுத்து மூடினார்கள். சம்பளத்தில் பிடித்த சேமிப்பு அவ்வளவுதான் என்று நாங்களும் கை கழுவிவிட்டோம். யாரும் கேட்டு வராத பணத்தை அரசாங்கம் வாங்கி வைத்துப் பட்டியல் போடுமாம். பக்கத்து வீட்டு டீச்சர் போனில் தேடிப் பார்த்தபோது அதில் இவர் பெயர் இருந்தது. கடைத்தெருவில் உயரமான கூரையோடு ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. அந்தப் பணம் முன்பணத்துக்குச் சரியாக இருக்கும். கடையின் சொந்தக்காரர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார்.

ஒரே ஒரு வில்லங்கம். பெயரை ஒட்டி 'குட்டை' என்று எழுதியிருந்தது.

தொழிற்சாலையில் ஒரே பெயர், ஒரே இனிஷியலில் இரண்டு பேர். மற்றவர் பொத்தான் தைக்கிறவர். என் வீட்டுக்காரர் மார்புக்குக்கூட எட்டமாட்டார். மேஸ்திரி குசும்பு பிடித்த ஆள். நெட்டையைக் குட்டை என்றும் குட்டையை நெட்டை என்றும் மாற்றிக் கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆள் குழம்பக் கூடாதென்று பதிவேட்டிலும் அதையே எழுதித் தொலைத்தார்கள்.

பணம் தரும் அரசாங்க ஆபீஸில் கவுன்ட்டரில் இருந்த அம்மா பட்டியலைப் பார்த்தார். பிறகு இவரை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்கதான் குட்டையா?"

"ஆமாங்க. இதே பேர்ல ஒரு குள்ளமான ஆளும் இருந்தாரு, கிண்டலா மாத்தி வெச்சாங்க."

"இதை நான் மேல எப்படிங்க சொல்றது? அந்த இன்னொருத்தரைக் கூட்டிட்டு வாங்க. நீங்கதான் குட்டைன்னு அவர் எழுதிக் குடுத்தா போதும்."

அலையாய் அலைந்து பொத்தான்காரரைக் கண்டுபிடித்தோம். தன் சேமிப்பை எப்போதோ எடுத்துச் செலவழித்துவிட்டவர். இவரைக் கண்டதும் கட்டிக்கொண்டார். "உனக்குச் செய்யாம வேற யாருக்குடா செய்யப் போறேன்" என்றார். பஸ் டிக்கெட்டும் டீயும் எங்கள் செலவு.

இருவரும் அடையாள அட்டைகளை வைத்தார்கள். இரண்டிலும் ஒரே பெயர். கவுன்ட்டர் அம்மா இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொத்தான்காரரின் தலை மட்டும்தான் மேசைக்கு மேலே தெரிந்தது. அந்த அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப நீங்கதானே குட்டை?"

பொத்தான்காரர் தன் அட்டையை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாங்கம்மா."

"இந்த ஆள் பொய் சொல்றாருங்க" என்றேன்.

"யார் குட்டைன்னு பார்த்தாலே தெரியுதேம்மா" என்று கவுன்ட்டர் அம்மா எழுதிக்கொண்டே சொன்னார்.

அங்கே கூரை பத்தடி உயரம் இருந்தது, என் வீட்டுக்காரர் அப்போதும் குனிந்தே நின்றார். பொத்தான்காரரைவிட இந்த மனுஷன் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. முத்திரை விழும் சத்தம் கேட்டதும் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

தெருமுனைகூடத் தாண்டியிருக்கமாட்டோம். பின்னால் பொத்தான்காரர் முத்திரை போட்ட தாளை நீட்டியபடி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டேய் குட்டை, கொஞ்சம் நில்லுடா."

அந்தப் பெயரைக் கேட்க அங்கே எந்த அதிகாரியும் இல்லை. பழகின பெயர், என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.