மேகக்காட்டில் ஒரு சீட்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, கொடைக்கானல் மலைமேல் இருக்கும் ஒரு மேகக்காட்டு சாகசப் பூங்காவுக்குப் போய்வந்தேன். ஒரே நாள் லீவில் வேலைக்குப் போகும் பெண்கள் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுவது வழக்கம். இதுவும் அப்படிப்பட்ட இடம்தான். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் மனசு கசந்து லேப்டாப்பை மூடிவிடுகிறேன். பூங்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, என் புலம்பலில் அவர்களை இழுப்பானேன்.

போனதற்குக் காரணம் ஸ்டெல்லா அக்கா. என் வீடு சேலையூரில், வேலை நுங்கம்பாக்கத்தில். காலையில் செங்கல்பட்டிலிருந்து வரும் எலெக்ட்ரிக் டிரெயினில் லேடீஸ் பெட்டி. அக்கா ஊரப்பாக்கத்திலேயே ஏறிவிடுவார். ஏறியதும் பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவிடுவார். நான் ஏறும் தாம்பரம் வருவதற்குள் அந்தக் கைக்குட்டைக்காக இரண்டு பேரிடமாவது முறைத்துக்கொண்டிருப்பார். பதினோரு வருஷமாக நான் உட்கார்ந்து ஆபீஸ் போகிறேன் என்றால் அது அவர் புண்ணியம். அந்த அக்காவுக்குப் போன மாதக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். அதோடு ஊரப்பாக்கம் வீட்டைக் காலிசெய்துவிட்டு நாகர்கோவிலில் மகளோடு போய் இருப்பதாக ஏற்பாடு.

ஒரு நாள் வண்டியில் எனக்கு ஒரு வீடியோ காட்டினார். மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றுப் பாலங்கள். அவை முடிகிற இடத்தில் உயரத்தில் ஒரு பலகை மேடை, அதில் ஒரு பெஞ்சு, எதிரே பள்ளத்தாக்கு நிறைய மேகம்.

“இவ்ளோ வருசமா பக்கத்துல பக்கத்துல உக்காந்துகினு போறோம். ஒரு நாளாவது ஸ்டேஷன் வந்துடுச்சேன்னு எழுந்திருக்காம உக்காந்திருக்கமா? அங்க போயி உக்காரணும் கீதா. எனக்கு வேற ஒண்ணியும் வேணாம்” என்றார்.

எனக்கு உயரம் என்றாலே பயம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூடச் சுவர் ஓரம் போகமாட்டேன். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். “போலாம்க்கா, நான் புக் பண்றேன்” என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தாம்பரத்தில் மதுரை வண்டி. கொடை ரோடு வரை ஸ்லீப்பரில் ஆளுக்கு முந்நூற்றுச் சொச்சம். விடியும் முன்பே இறங்கிவிட்டோம். அங்கிருந்து மலை ஏற எண்பது கிலோமீட்டர். பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் அன்றைக்கே திரும்புகிறவர்களுக்கு டாக்ஸிதான் சரி. போய்வர டிரைவர் நாலாயிரத்து ஐந்நூறு கேட்டார், நாலாயிரத்துக்கு வந்தார். வத்தலக்குண்டுக்காரர். பெருமாள்மலையில் டிபனுக்கு நிறுத்தியபோதே எச்சரித்தார்.

“அங்கன போயி போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காதீகம்மா. போனதும் பாலத்துல ஏறிருங்க. மதியத்துக்குள்ள மேகம் எறங்கிருச்சுன்னா நிப்பாட்டிருவாங்க.”

பூங்கா ஊரைத் தாண்டி பதினான்கு கிலோமீட்டர். பத்து மணிக்கு உள்ளே போனோம். டிக்கெட் ஆளுக்கு அறுநூற்று ஐம்பது. மேகக்காடு என்று போர்டு வைத்திருப்பது நம் சோலைக்காட்டைத்தான். குட்டையான முறுக்கிய மரங்கள், அடியிலிருந்து நுனிவரை பாசி. மழையே இல்லாமல் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. மேகம் வந்து தொட்டுவிட்டுப் போகிற தண்ணீர் அது என்றார் எங்களுக்கு பெல்ட் மாட்டிவிட்ட பெண். பேர் பாண்டியம்மா, அந்த மலைக்காரர். பாலத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நடக்க வேண்டும், திரும்பி வரக்கூடாது. அந்தப் பக்கம் போனவர்கள் ஏணியில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து, ஜீப்பில் வந்துசேர வேண்டும்.

புறப்படும் மேடை மூன்று மாடி உயரம். ஏறும்போது கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை நான்.

“நான் முன்னாடி போறேன். போயி உனக்கு எடம் பிடிச்சு வெக்கிறேன், பின்னாலயே வா” என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார். அறுபது வயசு, தடுமாறவே இல்லை. மூன்றாவது மரத்தைத் தாண்டியதும் இலைகளுக்குள் மறைந்துவிட்டார்.

அடுத்தது நான். பாலத்துக் கம்பியில் மாட்ட பாண்டியம்மா என் பெல்ட்டின் கொக்கியைக் கையில் எடுத்தார். நான் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பின்னால் நாலு கல்லூரிப் பெண்கள் நின்றிருந்தார்கள். “எந்த ஊரும்மா?” என்று பேச்சுக் கொடுத்தேன். காட்டாங்குளத்தூர் என்றார்கள். “அட, நம்ம டிரெயின் லைனு. நீங்க போங்கம்மா, எனக்கு அவசரமில்ல” என்று ஒதுங்கி நின்றேன். நாலு பேரும் தாங்க்ஸ் ஆன்ட்டி, தாங்க்ஸ் ஆன்ட்டி என்று சொல்லிப் போனார்கள். பிறகு மகளோடு ஒரு அப்பா வந்தார். குழந்தை காத்திருக்கக் கூடாதே என்று அவர்களையும் விட்டேன். பிறகு ஒரு புது ஜோடி. பயத்தைப் பயம் என்று சொல்லாமல் மரியாதை என்று சொல்லிக்கொள்ள முடிகிறதே, அது எத்தனை வசதி. தாம்பரம் பிளாட்பாரத்தில் ஒருத்தியையும் எனக்கு முன்னால் ஏறவிட்டதில்லை நான்.

காட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. “கீதா, வர்றியா?”

“வர்றேன்க்கா” என்று கத்தினேன்.

பாண்டியம்மா என்னைப் பார்த்தார். “பயமா இருந்தா சொல்லுங்கக்கா, நானே கூட வந்து விட்டுட்டு வாரேன். எத்தனையோ பேரக் கூட்டிட்டுப் போயிருக்கேன்.”

“சேச்சே, பயமெல்லாம் இல்ல” என்றேன். நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த ஜோடி போய்ச்சேர்வதற்குள் மேகம் இறங்கிவிட்டது. முதலில் தூரத்து மரங்கள் போயின, பிறகு பக்கத்து மரம், பிறகு பாலமே பாதிக்கு மேல் தெரியவில்லை. பாண்டியம்மா விசில் ஊதி சங்கிலியைக் குறுக்கே போட்டார். “இனி இன்னிக்கு இல்லக்கா.” எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கேண்டீனில் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜீப்பிலிருந்து அக்கா நனைந்த தலையோடு இறங்கினார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே பேசினார்.

“அங்க ஒண்ணியும் தெரியல கீதா, ஒரே மூட்டம். நீ வராததே நல்லது. டீ சொன்னியா?”

நானும் நம்பிவிட்டேன். காட்டாங்குளத்தூர் பெண்களும் அதே ஜீப்பில்தான் வந்தார்கள். எடுத்த படங்களை அனுப்புகிறோம் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். மலை இறங்கி, வத்தலக்குண்டு பக்கம் சிக்னல் வந்ததும் படங்கள் வந்து விழுந்தன. அக்கா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு படத்தில் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். மூட்டமெல்லாம் இல்லை. பின்னால் பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்திருக்கிறது, வெகு கீழே வெள்ளையாக மேகம், வெயில் அதன் மேல் விழுகிறது. அந்தப் பெண்கள் நாலு பேரும் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள். பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்து இடம் காலி. அங்கே நீல பார்டர் போட்ட கைக்குட்டை விரித்திருக்கிறது, காற்றில் பறக்காமல் மேலே தண்ணீர் பாட்டில்.

படத்தின் கீழே அதை அனுப்பிய பெண் எழுதியிருந்தாள்: “உங்க ஃப்ரெண்டு எங்களை அந்த சீட்ல உக்காரவே விடலை ஆன்ட்டி. ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க.”

அக்காவை எழுப்பி மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். பெரிய மனசோடு அவர் சொன்ன ஒரு பொய்யை உடைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். புடவை கட்டினால் பாலத்தில் விடமாட்டார்கள், சுடிதார் நல்லது. பிடிப்புள்ள ஷூ கட்டாயம், செருப்போடு போனால் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். ஸ்வெட்டர் வேண்டும். முடிந்தால் முதல் நாளே மலை ஏறித் தங்கி, காலையில் திறந்ததும் போய்விடுங்கள். சாப்பாடு சுமார்தான், டீ நன்றாக இருக்கும். பயமாக இருந்தால் பெல்ட் மாட்டுகிறவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், கூடவே வருவார்கள். உங்கள் முறை வந்தால் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அக்கா போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை வழக்கமான வண்டி, வழக்கமான பெட்டி. தாம்பரத்தில் ஏறிப் பார்த்தேன். எங்கள் சீட்டில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நுங்கம்பாக்கம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.