ஞானம் அக்காவின் ஒன்பது நாட்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் ஒரு வடிகால் வரைபடத்துக்கு மை தீட்டிக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. "மிஸ் ஞானாம்பிகையின் உறவினரா?" என்று தாதி கேட்டார். ஆம் என்று பொய் சொன்னேன். காலை ஆறரை மணிக்கு உயிர் பிரிந்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

ஞானம் அக்காவை அறிந்தவர்கள் இந்த ஆக்லாந்து நகரத்தில் அதிகம் பேர் இல்லை. அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எண்பதாம் ஆண்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த வரைபடக் கூடத்தில் சேலை கட்டிய ஒரே பெண் அவர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. நான் மதுரைக்காரி என்றதும், "அப்ப நீர் 'ஆமா' எண்டுவீர், நான் 'ஓம்' எண்டுவன். வெள்ளைக்காரர் குழம்பட்டும்" என்றார். அவ்வளவு சிரிப்பு அந்த நாளில் அவரிடம் இருந்தது. சம்பளத்தில் பாதி கொழும்பிலிருந்த தாயாருக்கும் தம்பி சபேசனுக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதம் எழுதுவார். தனக்கென்று அவர் எதையும் விரும்பி நான் பார்த்ததில்லை, எண்பத்துமூன்று வரை.

அந்த ஆண்டு ஜூலைக் குளிரில் ஒரு முதுகுப்பையும் காற்சட்டையும் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். இத்தாலியின் கடற்கரைச் சிற்றூர்களுக்குத் தனியாகப் போவதாகச் சொன்னார். எங்கே தங்குவீர்கள் என்று கேட்டேன். "தெரியாது. ரயிலை விட்டு இறங்கி, பிடிச்ச ஊரிலை அறை கேப்பன்." வீட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாணமாகாத பெண் தனியாக ஊர் சுற்றுவதா என்று தாயார் வருந்துவாராம். நியூ லின்னிலிருந்த தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன சில நாட்களில் கொழும்பு எரிந்தது. தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள்.

புதன்கிழமை மாலை தபால் எடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. சபேசன். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் தாயாரையும், மனைவியையும், மகளையும், தன்னையும் ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னார். தங்கள் வீடு போய்விட்டது. "அக்கா எங்கை?" என்றார். எனக்குப் பொய் வரவில்லை. இத்தாலிக்குத் தனியாகப் போயிருக்கிறார் என்றேன். அந்த மனிதர், அந்த நிலையிலும், சிரித்தார். "அக்காவோ? தனியவோ?"

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தத் தொலைபேசி அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். பயண முகவருக்கு விமானம் மட்டுமே தெரிந்தது, ஊர் தெரியவில்லை. மாலையில் மறுபடி மணி அடித்தது. இம்முறை ஒரு முதிய குரல்: "ஞானம்? ஞானமோ பிள்ளை?" நான் ஞானம் இல்லை அம்மா, என்றேன். மறுமுனையில் இரைச்சல் மட்டுமே கேட்டது. அழுகிறாரா, கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தொடர்பு அறுந்தது. பிறகு அழைப்பே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து விமான நிலையத்தில் அக்கா வெயிலில் கறுத்து, முடி உப்பில் சிக்குப்பட்டு, எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். அவர் செய்தித்தாளே பார்த்திருக்கவில்லை. என் கணவர் காரை ஓட்டினார். பின்னால் என்னருகே அமர்ந்த அக்கா பேசத் தொடங்கினார்.

"மத்தியானம் ஒரு மணிக்குக் கடையெல்லாம் பூட்டிப்போடுவினம். ஊரே நித்திரை. நாய்கூடக் குரைக்காது. நான் காற்சட்டையோடை கடலுக்குள்ள நிண்டனான். ஒரு கிழவி வந்து என்ரை கையைப் பிடிச்சு ஆழத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. அவவின்ரை பாஷை எனக்குத் தெரியாது, என்ரை பாஷை அவவுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் சும்மா சிரிச்சுக்கொண்டு நிண்டம்." இரண்டு ஊர், ஒன்பது நாள். "நாப்பத்துமூண்டு வயசிலை முதல் தரம், நான் எங்கை இருக்கிறனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் நீரும் வாரும்."

என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. வீடு வரும் அரை மணி நேரமும் அவரைப் பேச விட்டேன். அது இரக்கமா, கோழைத்தனமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

சமையலறையில் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"எத்தினை தரம் எடுத்தவை?"

"ரெண்டு தரம் அக்கா. ரெண்டாவது தரம் அம்மா பேசினாங்க."

"நான் எங்கையெண்டு சொன்னனீரே?"

"தம்பிகிட்ட சொல்லிட்டேன். சிரிச்சாரு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. அவர்கள் அகதி முகாமுக்குப் புறப்பட்ட வாகனத்தைக் கலவரக் கும்பல் வழியில் மறித்திருக்கிறது. நால்வரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

நீங்கள் இங்கே இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று நாங்கள் எத்தனையோ முறை சொன்னோம். ஒரே ஒரு முறைதான் பதில் சொன்னார். "காப்பாத்தியிருக்க ஏலாது எண்டு எனக்கும் தெரியும். ஆனா அம்மாவோடை கதைச்சிருக்கலாம்."

அந்த ஒன்பது நாட்களைப் பற்றி அவர் மறுபடி வாய் திறக்கவில்லை. அழைக்க இனி யாரும் இல்லை என்று தெரிந்தும் தொலைபேசியை விட்டு விலக மாட்டார். பொங்கலுக்கு வந்தால் சாப்பிட்டுக் கை காய்வதற்குள் வீட்டுக்குப் புறப்படுவார். மார்பிலிருந்த கட்டியை ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்துக் கோபப்பட்டபோது, "ஆஸ்பத்திரியிலை கிடந்தா வீட்டிலை மணி அடிச்சா ஆர் எடுக்கிறது?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கடைசி வாரத்தில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "சாம்பலைக் கடலிலை கரைக்கப்படாது. மண்ணுக்குள்ள வையும்."

தகனத்தில் பதினொரு பேர் இருந்தோம். ஹென்டர்சனிலிருந்து வந்த ஒரு பிஜித் தமிழ்ப் பெரியவர், தனக்கு நினைவிருந்தவரை ஒரு தேவாரத்தைப் பாடினார். பாதியில் மறந்துபோய் நின்றார். யாருக்கும் மிச்சம் தெரியவில்லை.

சனிக்கிழமை, இடுகாட்டுச் சரிவில் வெட்டிய சிறு குழியின் முன் நின்றோம். மூன்று நாள் மழை. களிமண் சுவரிலிருந்து நீர் கசிந்து குழி பாதி நிறைந்திருந்தது. என் கணவர் முழந்தாளிட்டு ஒரு பிளாஸ்டிக் குவளையால் இறைத்தார். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். கலசத்தைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கினோம்.

மன்னித்துவிடுங்கள், அக்கா. நீங்கள் கேட்ட அந்த ஒன்றைக்கூட எங்களால் சரியாகச் செய்ய முடியவில்லை. போய் வாருங்கள்.